செகண்ட் ஹேண்ட் கம்மின்ஸ் 6பிடி: வாங்கியது, பிரித்தது, வேலை பார்த்தது

"ஓட்டத்தில் இருந்த வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜின்" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஓட்டத்தில்தான் இருந்திருக்கும், எந்த லட்சணத்தில் ஓடியது என்பதைத்தான் சொல்லவில்லை.

எடுத்தது 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி டீசல் இன்ஜின். வரிசையாக ஆறு சிலிண்டர், மொத்தம் 12 வால்வு, மெக்கானிக்கல் பம்ப். சென்சார், கம்ப்யூட்டர் என்று எதுவும் குறுக்கே வராது, பிரித்தால் கோளாறு கண்ணுக்கே தெரியும், கையில் காசு குறைவாக இருக்கிறவனுக்கு அதுவே பெரிய நிம்மதி. ஒரு விஷயம் மட்டும் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: இதில் தனி லைனர் (சிலிண்டருக்குள் கழற்றி மாட்டும் குழாய்) கிடையாது, பிளாக்கிலேயே நேரடியாகப் போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளை. தேய்ந்துவிட்டால் லைனரைக் கழற்றி மாட்டும் கதை இல்லை, 0.5 மில்லிமீட்டர் அல்லது 1 மில்லிமீட்டர் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் வாங்கி, அதற்கேற்பத் துளையைப் பெரிதாக்கிப் போர் ஓட்ட வேண்டும். யாராவது முன்பே 1 மில்லி வரை போயிருந்தால் துளைக்குள் புதுக் குழாய் இறக்கி ஸ்லீவ் அடிக்கிற செலவு நம் தலையில். ஹெட்டைக் கழற்றாமல் இது தெரியாது, விற்பவரும் கழற்ற விட மாட்டார்.

நான் போனபோது இன்ஜின் பலகை மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வழியில்லை. ஓடுகிற இன்ஜின் என்றால் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருப்பி அந்த ஓட்டை மேலேயே வைத்தால் போதும், மூடி துள்ளிக் கீழே விழுந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது சிலிண்டர் காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது, பிஸ்டன் ரிங் போச்சு என்று அர்த்தம். அது முடியாததால் ஃப்ளைவீலில் கம்பி கொடுத்து முழுசாக இரண்டு சுற்று சுற்றினேன், எங்கேயும் பிடிக்கவில்லை. சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) போல்டை லேசாகத் தளர்த்திப் பார்த்தேன், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிற்கும், அதுதான் முதலில் வரும். வரவில்லை. ஆயில் தேன் கலரில் பளிச்சென்று இருந்தது, பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. ஓடின டீசல் இன்ஜினில் ஆயில் எங்கேயாவது தேன் கலரில் இருக்குமா? விற்க வைத்த பிறகு புது ஆயில் ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்து சம்பைக் கழற்றினால் அடியில் மினுமினுவென்று பொடி. நாலாவது கனெக்டிங் ராடு பேரிங்கில் செம்பு தெரிகிற அளவுக்குத் தேய்மானம், கிராங்க் ஷாஃப்டில் அதே இடத்தில் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கீறல். கடைக்குப் போன் செய்தேன், "அப்படியே எடுத்துக்கறதுன்னுதானே பேச்சு" என்று வைத்துவிட்டார்கள். சரி, பேச்சு அதுதான், நானும் தலையாட்டியிருந்தேன்.

இதற்கு நேர் எதிர் போர் ஓட்டிக் கொடுத்த லேத் பட்டறைக்காரர். ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, பிளாக்கிலேயே சாக்பீஸில் எழுதி வைத்தார். 0.5 போதும் என்றார், ஆனால் வேலையைத் தொடவில்லை. "பிஸ்டனைக் கொண்டு வாங்க, அதை அளந்துட்டுத்தான் போர் ஓட்டுவேன்." பெட்டியில் போட்ட அளவை நம்பி ஓட்டாத ஆளை விடவே கூடாது. கிராங்கை 0.25 மில்லி சிறியதாக (அண்டர்சைஸ்) கிரைண்டிங் செய்தார். ஆயில் கூலரை டீசலில் அலசிப் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்த என்னைத் திட்டாத குறையாகத் தடுத்தவரும் அவர்தான். பேரிங் பொடி அதன் இடுக்குகளில் உட்கார்ந்துகொள்ளும், அலசினால் முழுக்க வராது, புது பேரிங்கையும் அது தின்றுவிடும். மாற்றினேன். குறை என்றால், ஒரு வாரம் என்றவர் ஐந்து வாரம் இழுத்தார். போரைக் கல் வைத்துத் தேய்த்த ஹோனிங் தூளோடுதான் பிளாக்கையும் கொடுத்தார். சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ் என்று ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தேன், வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும். காய்ந்த உடனேயே ஆயில் தடவ வேண்டும், காபி குடிக்கப் போனால் துரு ஏறிவிடும்.

மிச்சம் பிடித்தது எங்கே என்றால், ஹெட் போல்டுகளை நீளம் அளந்து பார்த்தேன், அளவுக்குள் இருந்ததால் பழையதையே போட்டேன். புஷ் ராடு, ராக்கர் எல்லாம் பழையதுதான். டைமிங் கேஸில் இருக்கும் டவல் பின் (பாகத்தை இடம் மாறாமல் பிடிக்கும் சின்ன ஆணி) இந்த மாடலில் வெளியே நழுவி கியரில் விழும் என்பது ஊரறிந்த கதை. என்னுடையது அசையாமல்தான் இருந்தது, இருந்தாலும் ஒரு சின்னத் தகடு வைத்து முடக்கிவிட்டேன்.

கேஸ்கெட் கிட் மட்டும் மலிவானதாக வாங்கினேன். ஓட்டிய இரண்டாம் நாளே பின்பக்க கிராங்க் சீலில் ஆயில் ஒழுகியது, கியர் பாக்ஸை மறுபடியும் இறக்கினேன், கிட் போட்டவனை ஏழு தலைமுறைக்கும் திட்டினேன். அப்புறம்தான் மேனுவலை ஒழுங்காகப் படித்தேன். இந்த சீலைச் சுத்தமாக, உலர்ந்த நிலையில்தான் ஏற்ற வேண்டும். நான் வழக்கம்போல சீலின் உதட்டில் ஆயில் தடவி ஏற்றியிருக்கிறேன். ஆக கிட்டுக்கு நான் வெட்டிய மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

வால்வு இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் இன்டேக் 0.25 மில்லி, எக்ஸாஸ்ட் 0.50 மில்லி வைத்தேன். ஸ்டார்ட் ஆனதும் சும்மா ஐடிலில் போட்டு ரசித்துக்கொண்டிருக்காமல் லோடு ஏற்றி மேட்டில் ஓட்டினேன், இல்லையென்றால் ரிங் உட்காராமல் போர் வழவழத்துவிடும்.

மொத்தச் செலவு இன்ஜின் வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இன்ஜினுக்கு ஐந்துக்கு நாலு, பட்டறைக்கு நாலரை (அந்த ஐந்து வாரத்துக்காக அரை போச்சு), விற்ற கடைக்கு ஒன்று, அதுவும் வண்டியில் ஏற்றிவிட ஆள் கொடுத்ததற்காக. போன வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். வைத்த இடத்திலேயே லேசாக நடுங்கிக்கொண்டு கிடந்தது, விழவில்லை.