திரவ சோப்பைக் கெட்டியாக்க உப்பா, கம்மா? அப்புறம் மற்ற சேர்மானங்கள்

வீட்டில் திரவ சோப்பு செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் புலம்புவது ஒன்றுதான்: தண்ணீராக ஓடுகிறது. நான் சொல்வது பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சும் அசல் சோப்பு. இதன் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும், ஷாம்பூவுக்குச் சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே வேலை செய்யாததற்கு இந்தக் காரத்தன்மைதான் காரணம்.

கெட்டியாக்க எளிய வழி உப்பு. 80 கிராம் தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு சட்டென்று கெட்டிப்படும், ஆனால் ஒரு அளவைத் தாண்டினால் மறுபடி நீர்த்துப்போய்க் கலங்கிவிடும், அப்போது தண்ணீர் சேர்த்துத்தான் மீட்க வேண்டும். தேங்காய் எண்ணெய் சோப்பிடம் உப்பு எடுபடாது. முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்த ஒரு பானையில் நான் கரைசலை ஊற்றிக்கொண்டே இருந்தேன், கடைசிவரை ஓட்டமாகத்தான் இருந்தது.

அந்த மாதிரி சோப்புக்குக் கம்தான், அதாவது பிசின்போல் கெட்டியாக்கும் பொடிதான், கை கொடுக்கும். சாந்தன் கம் கிலோவுக்கு 5 முதல் 10 கிராம் போதும். நேராகத் தூவினால் கட்டி கட்டியாக நிற்கும், முதலில் கொஞ்சம் கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மங்கலாகும், அதிகமானால் கையில் வழவழவென்று ஒட்டும், மூக்குச்சளி மாதிரி. கண்ணாடிபோல் தெளிவாக வேண்டுமென்றால் ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸ் என்ற இன்னொரு கெட்டியாக்கும் பொடி மேல், ஆனால் அது ஊற நேரம் கொடுக்கவேண்டும். எனக்கு உப்பு எடுபடும் இடத்தில் உப்புதான், மற்ற இடத்தில் சாந்தன்.

கிளிசரின் தோலுக்கு இதம், சோப்பையும் தெளிவாக்கும், ஆனால் நீர்க்கவும் செய்யும். எண்ணெயைக் கூடுதலாக விட்டால் நாலு நாளில் மேலே மிதக்கும்.

பிஎச்சைக் குறைக்கலாமே என்று சிட்ரிக் அமிலத்தை அள்ளிப் போடாதீர்கள், சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். குழாயில் உப்புத்தண்ணீர் (கடின நீர்) வரும் வீடுகளில் அந்த அமிலத்தையே காரத்தோடு சேர்த்துச் சிட்ரேட் என்ற உப்பாக மாற்றிச் சேர்த்தால் படியும் வெள்ளை அழுக்கு குறையும், அதுதான் அதற்குச் சரியான வேலை.

கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் இரண்டும் இங்கே வீண்; அவை அமிலச் சூழலில்தான் பலன் தரும். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தொடாது. பினாக்சி எத்தனால் 1 சதவீதத்துக்குள் சேர்ப்பது தேவலை. பால், கற்றாழைச் சாறு எல்லாம் என்னைக் கேட்டால் வேண்டாம்.

வாசனை எண்ணெயை மட்டும் முதலில் ஒரு கோப்பை சோப்பில் விட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள், சில வகை சோப்பை அப்படியே நீர்க்கச் செய்துவிடும், வெனிலா கலந்தது நாளாக நாளாகப் பழுப்பாக்கும்.