டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா?

குளச்சலோ குலசேகரமோ, வளைகுடாவில் வேலை பார்க்கும் நாலு பேர் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்கலாம் என்று வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கினால், "ஒரு டிரஸ்ட் போட்டுருவோம்" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

எளிதுதான். இரண்டு அறங்காவலர்கள், ஒரு பத்திர எழுத்தர், சார்பதிவாளர் அலுவலகம். ஆயிரம் ரூபாயிலும் தொடங்கலாம். ஆனால் கையெழுத்துக்கு முன் பத்திரத்தை வாசித்துவிடுங்கள். பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றித் தருவது பல இடங்களில் வழக்கம். நடுப்பக்கத்தில் எங்காவது, "நிறுவனரே ஆயுட்கால நிர்வாக அறங்காவலர், அவருக்குப் பின் அவர் நியமிப்பவர்" என்று ஒரு வரி கிடக்கும். பணம் நூறு பேருடையது, சாவி ஒருவர் இடுப்பில். கணக்கில் சந்தேகம் வந்தால் அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போடவேண்டும். ஊருக்கான இந்தப் பொது டிரஸ்டுக்கு 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் கைகொடுக்காது. அது தனியார் அறக்கட்டளைகளுக்கானது.

சங்கத்துக்கு 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது 7 பேர் வேண்டும், பதிவு மாவட்டப் பதிவாளரிடம். செயற்குழுவின் காலம் 3 ஆண்டைத் தாண்டக்கூடாது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால், கோர்ட் படி ஏறாமலே பதிவாளர் விசாரிக்கலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்குத் தாக்கல் செய்வதுதான் தலைவலி. செயலாளர் துபாய்க்குப் போனதும் பல சங்கங்களின் கோப்பு அப்படியே நின்றுவிடுகிறது. பொதுக்குழுவில் சண்டை வருமே என்கிறார்கள். வரட்டுமே, ஊர்ப் பணம்தானே?

  

கம்பெனிச் சட்டம் 2013இன் 8ஆம் பிரிவில் தொடங்கும் லாபநோக்கமற்ற கம்பெனிக்கு எல்லாம் ஆன்லைன். வரவே இல்லாவிட்டாலும் தணிக்கை உண்டு. ஆண்டுப் படிவம் தாமதித்தால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் இந்த வகைக் கம்பெனிக்கு மட்டும்தான் கிடைக்கும் என்பது கட்டுக்கதை. தகுதியிருந்தால் டிரஸ்டும் சங்கமும் பெறலாம். நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிற குழுவுக்குக் கம்பெனி வீண் சுமை.

நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிக்கழிவு தரும், 80ஜி என்று அறியப்பட்ட சலுகை மூன்றுக்கும் ஒன்றே. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மச்சான் அனுப்பினால் ஆகும். அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) அனுமதி வேண்டும்.

என் ஓட்டு சங்கத்துக்கு. டிரஸ்ட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அறங்காவலருக்கு 3 ஆண்டுக் காலவரம்பு, அவரை நீக்கும் முறை இரண்டையும் முதல் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பதிவான பிறகு அதைச் சேர்க்க அந்த அறங்காவலரின் தயவுதான் வேண்டியிருக்கும்.