ஜூடி சில்: முதலில் எந்த ஆல்பம்?

அமெரிக்கப் பாடகி, பாடலாசிரியர் ஜூடி சில் உயிரோடு இருந்தபோது வெளிவந்தவை இரண்டே ஆல்பங்கள். 1971இல் அவர் பெயரிலேயே வந்தது ஒன்று. 1973இல் வந்த ‘ஹார்ட் ஃபுட்’ மற்றொன்று. இரண்டையும் வெளியிட்டது டேவிட் கெஃபனின் அசைலம் இசைத்தட்டு நிறுவனம், இரண்டுமே விலைபோகவில்லை. 1979இல், 35 வயதில், போதை மருந்து அவர் உயிரைக் குடித்தது. நான் ‘ஹார்ட் ஃபுட்’டைத்தான் முதலில் வாங்கினேன். எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

முதல் ஆல்பம் சட்டென்று பிடித்துப்போகும், மறுக்கவில்லை. சின்னச் சின்னதாகப் பதினொரு பாட்டு. பாடகர் கிரகாம் நாஷ் தயாரித்த ‘ஜீசஸ் வாஸ் எ கிராஸ் மேக்கர்’ இதில்தான் இருக்கிறது. காய் நறுக்கிக்கொண்டே கேட்டு முடித்துவிடலாம்.

என்னை ஒரு பக்கம் சாய்த்தது வயலின்கள். முதல் ஆல்பத்தில் வாத்திய அமைப்பு டான் பேக்லி, பாப் ஹாரிஸ் கையில் இருந்தது. வேலை சுத்தம்தான், ஆனால் பந்தி முடிந்தபின் வெற்றிலைத் தட்டு நீட்டுவதுபோல வயலின்கள் வருகின்றன. ‘ஹார்ட் ஃபுட்’டில் அமைப்பை ஜூடியே எழுதி, இசைக்குழுவையும் தானே நடத்தினார். ‘தி கிஸ்’ பாட்டில் வயலின்கள் எப்போது நுழைந்தன என்பதே எனக்குப் பிடிபடுவதில்லை. பிபிசி தொலைக்காட்சிக்காக அதையே பியானோவோடு தனியாகப் பாடியிருக்கிறார். அதில் இடது கை இறங்கும் இடங்களில், இல்லாத வயலின்கள் காதில் விழுகின்றன. எனக்கு மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. இது வெறும் காதின் தீர்ப்பு.

‘ஹார்ட் ஃபுட்’டின் கடைசிப் பாட்டு ‘தி டோனர்’ எட்டு நிமிடம் ஓடுகிறது. தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து ‘கீரியே எலேய்சோன்’ என்று மன்றாடுகிறார். நம் ஊர்த் தேவாலயங்களில் ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்கிறார்களே, அதுதான். இளவயதில் கொள்ளைக் குற்றத்துக்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, அங்கே வழிபாட்டுக்கு ஆர்கன் வாசித்தவர் அவர். அந்தக் கை இங்கே தெரிகிறது.

இந்த ஆல்பத்தில் குறையும் உண்டு. ‘சோல்ஜர் ஆஃப் தி ஹார்ட்’டை நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். அவர் 1974இல் பதிந்து 2005இல்தான் வெளிவந்த பாடல்களை இரண்டு முறைதான் கேட்டேன். அவற்றை இந்தத் தராசில் வைக்கவில்லை.

எட்டு நிமிடப் பாட்டெல்லாம் தாங்காது என்பவர்கள் மட்டும் முதல் ஆல்பத்தின் ‘க்ரேயான் ஏஞ்சல்ஸ்’ஸில் தொடங்கலாம்.