ஸ்விட்ச் 2, ஸ்டீம் டெக், ஆர்ஓஜி அலை: வேலூர்க்காரர் எதை வாங்குவது?

கையடக்கக் கேம் கன்சோலான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-இன் அறிமுகக் காட்சி சுமார் ஒரு மணி நேரம் ஓடியது. 2025 ஏப்ரல் 2, நம் நேரப்படி மாலை ஆறரை. 7.9 அங்குலத் திரை, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜாய்கான் கன்ட்ரோலர், அதையே மேசையில் வைத்துத் தேய்த்தால் மவுஸ், புது மரியோ கார்ட் என்று எல்லாம் வந்தன. விலை மட்டும் வரவில்லை. காட்சி முடிந்த பிறகுதான் தெரிந்தது: கன்சோல் 449.99 டாலர், மரியோ கார்ட் வேர்ல்ட் கேம் மட்டும் தனியாக 79.99 டாலர். அதுவரை இதயக்குறி போட்டுக்கொண்டிருந்த எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கால்குலேட்டரைத் திறந்தார்கள். அன்றைய மதிப்பில் கன்சோல் சுமார் 38,000 ரூபாய், ஒரு கேம் ஏறக்குறைய 6,800 ரூபாய். மறுநாள் நிண்டெண்டோ நேரலையில் கேம்களை விளையாடிக் காட்டியபோது, பக்கத்தில் ஓடிய சாட் முழுக்க 'விலையைக் குறை' என்ற ஒரே கோஷம்தான்.

கன்சோலின் பயன்பாட்டை விளக்கும் வெல்கம் டூர் என்ற சின்ன கேமுக்கும் 9.99 டாலர் கேட்டார்கள். செருப்பு வாங்கினால் எப்படிப் போடுவது என்று சொல்லித்தரத் தனிக் கட்டணமா என்று குரூப்பில் ஒருவர் கேட்டார். ஆம்பூர்க்காரர், அவர் உதாரணம் அப்படித்தான் வரும்.

ஆனால் ஜூன் 5 அன்று விற்பனை தொடங்கியதும் நான்கே நாளில் 35 லட்சம் கன்சோல்கள் உலகமெங்கும் போய்விட்டன. செப்டம்பர் முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டியது. திட்டியவர்களில் பாதிப் பேராவது வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் எழுந்த கோபத்தை அப்படியே வாங்கி நாமும் கோபப்படுவதில் அர்த்தம் இல்லை. நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதே இல்லை. இன்னொரு கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கை வால்வ் நிறுவனமும் இங்கே நேரடியாக விற்பதில்லை. இறக்குமதி செய்கிற வியாபாரி, இல்லாவிட்டால் குவைத்திலோ துபாயிலோ இருக்கும் சித்தப்பா, இந்த இரண்டே வழி. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில் இரண்டாவது வழி கொஞ்சம் சுலபம். மூன்றாவது போட்டியாளரான ஏசுஸின் ஆர்ஓஜி அலை மட்டும் 2023 ஜூலையிலேயே 69,990 ரூபாய்க்கு, பில்லோடும் வாரன்டியோடும் இந்தியாவில் இறங்கியது. ஆகவே டாலர் விலைப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் தப்புக்கணக்கு ஆகிவிடும். நம் ஊரில் கையில் வாங்கி, நம் வெயிலில் விளையாடி, கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பது வரை போட்டுப் பார்த்தால்தான் சரியான கணக்கு.

முதலில் கேமுக்கு ஆகும் செலவு. கன்சோல் ஒரு தடவைச் செலவு. கேம் மாதாந்திரச் செலவு.

ஸ்டீம் டெக்கின் பலமே அது ஸ்டீம் என்ற பிசி கேம் கடையின் பிள்ளை என்பதுதான். விலை ரூபாயில் இருக்கும். கோடைத் தள்ளுபடியில் பழைய பெரிய கேம்கள் பாதிக்கும் கீழே வரும். காட்பாடியில் பிடெக் படிக்கும் பையன்களில் பலர் லேப்டாப்பில் ஏற்கெனவே ஸ்டீம் கணக்கு வைத்திருப்பவர்கள். டெக் வாங்கினால் அதே கேம்கள் இலவசமாகக் கைக்கு வந்துவிடும், சேவ் ஃபைல் உட்பட. அலையும் இதே வசதியைத் தரும், இன்னும் ஒரு படி மேலே போய். அதில் இருப்பது விண்டோஸ் 11 என்பதால் ஸ்டீம், எபிக் கடை, கேம் பாஸ் சந்தா எல்லாம் ஓடும். எபிக் வாராவாரம் இலவசமாகத் தரும் கேமை வாங்கி வைத்துக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டுகிற ஆட்கள் எனக்குத் தெரியும். விண்டோஸின் தொல்லையும் கூடவே வரும்: ஏழு அங்குலத் திரையில் விரலால் சின்னப் பெட்டிகளை மூட வேண்டும், விளையாட உட்கார்ந்த நேரத்தில் அப்டேட் கேட்கும். டெக்கில் லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ். பட்டனை அழுத்தினால் தூங்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து எழும். ஆனால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் போட்ட சில ஆன்லைன் கேம்கள் அதில் ஓடாது. ஹாஸ்டலில் எல்லோரும் வேலரண்ட் ஆடும்போது நீங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஸ்விட்சுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நிண்டெண்டோவின் சொந்தக் கேம்கள் விலை குறைவது அபூர்வம். அவர்களின் இணையக் கடையான ஈஷாப்புக்கு இந்தியப் பிரிவு கிடையாது. வெளிநாட்டுக் கணக்கு தொடங்கி, கிஃப்ட் கார்டு வாங்கித்தான் ஓட்ட வேண்டும். ஆனால் நிண்டெண்டோவிடம் ஒரு பழைய வித்தை மிச்சம் இருக்கிறது: கார்ட்ரிட்ஜ். முடித்த கேமை விற்கலாம், கடன் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். புதிதில் விலை இறங்காத கேமுக்கு செகண்ட் ஹேண்ட் விலையும் இறங்காது. சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் ஒரே பணத்தைச் சுழற்றிச் சுழற்றி வரிசையாகக் கேம்களை முடித்துக்கொண்டிருக்கிறார். ஸ்டீமில் வாங்கிய கேமை அப்படி விற்க முடியாது, அது உங்கள் கணக்கோடே இருக்கும்.

இங்கேதான் ஸ்விட்ச் 2-இல் எனக்கு நிஜமாகவே பிடிக்காத விஷயம் ஒன்று வருகிறது. கேம்-கீ கார்டு. வெளியே பார்த்தால் கார்ட்ரிட்ஜ். உள்ளே கேம் இல்லை, சாவி மட்டும். கேமை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும், விளையாடும்போது கார்டையும் சொருகியிருக்க வேண்டும். விற்கலாம், கொடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வாங்குகிறவர் பல ஜிபி இறக்க வேண்டும். கன்சோலின் 256 ஜிபி நிரம்பினால் பழைய மெமரி கார்டு செல்லாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற விலை கூடிய வகைதான் ஏற்கும். நிண்டெண்டோவின் சர்வர் இல்லாத காலத்தில் அந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும்? அறிவிப்பு வந்த வாரத்தில் எழுந்த கூச்சல்களில் டாலர் கூச்சலைவிட இந்தக் கூச்சல்தான் நியாயமானது. சைபர்பங்க் 2077 மாதிரி முழு கேமையும் 64 ஜிபி கார்டில் வைத்துக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால், முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டி அட்டையின் அடியில் அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது வெயில். மற்ற ஊர் ரிவ்யூக்களில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குச் செய்தியே இல்லை. சுற்றிலும் பாறை மலை, மாடி அறையில் மதியம் மூன்று மணிக்கு ஃபேன் வீசுவதும் அனல்தான். ஸ்விட்ச் 2-ஐ 5 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்துங்கள் என்கிறது நிண்டெண்டோ. 2022 ஜூலையில் ஐரோப்பாவில் அனல்காற்று வீசியபோது வால்வ் சொன்ன எல்லையும் 35தான். உள்ளே சிப் 100 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 105-இல் தானே அணைந்துவிடும் என்றும் விளக்கினார்கள். அலையின் கதை இன்னும் மோசம்: சூடு ஏறினால் எஸ்டி கார்டு ரீடர் பழுதாகலாம் என்று 2023-இல் ஏசுஸே ஒப்புக்கொண்டது.

காரணம் எளிது. இவை எல்லாவற்றிலும் ஒரு சின்ன ஃபேன் அறைக் காற்றை உறிஞ்சி சிப்பைக் குளிர்விக்கிறது. அறைக் காற்றே 39 டிகிரி என்றால் அது என்ன செய்யும், பாவம். கைக்குச் சூடு தெரியும், ஃபேன் இரையும், கேம் திக்கித் திக்கி ஓடும், அந்தச் சூட்டில் பேட்டரியின் ஆயுளும் குறையும்.

இந்த ஒரு விஷயத்தில் டெக்குக்கு நான் தனி மார்க் போடுவேன். மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, சிப் எத்தனை வாட் எடுக்கலாம், எத்தனை ஃப்ரேம் ஓடலாம் என்று நாமே கட்டுப்படுத்தலாம். எட்டு வாட்டில் கட்டிப் போட்டால் மே மாதத்திலும் பழைய கேம்கள் ஒழுங்காக ஓடும், பேட்டரியும் நீளும். அலையிலும் 10, 15, 25 வாட் என்று மூன்று நிலைகள் உண்டு. ஆனால் 25-க்குப் போகாமல் இருந்தால் அதை வாங்கியதன் பலன் பாதி போச்சு. ஸ்விட்ச் 2-இல் இப்படி எதுவும் நம் கையில் இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு எடுங்கள், அல்லது ஏசி அறைக்குப் போங்கள்.

திரை, ரெசொல்யூஷன் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஸ்விட்ச் 2-இல் 1080பி, 120 ஹெர்ட்ஸ், ஆனால் எல்சிடி. டெக்கின் 2023 நவம்பர் மாடலில் 7.4 அங்குல ஓஎல்இடி, 800பி, 90 ஹெர்ட்ஸ். கறுப்பு கறுப்பாகத் தெரிவதில் டெக்தான். கூர்மையில் ஸ்விட்ச். பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும்.

பேட்டரியை நான் காட்பாடி ரயிலில் அளப்பேன். சீசன் டிக்கெட்டில் சென்னைக்குப் போய்வருகிறவர்களுக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஸ்விட்ச் 2-க்கு நிண்டெண்டோ சொல்வது 2 முதல் 6.5 மணி நேரம். பெரிய கேம் போட்டால் சென்ட்ரல் வருவதற்குள் சிவப்பு விளக்கு. டெக் ஓஎல்இடிக்கு 3 முதல் 12. முதல் அலையின் 40 வாட்-அவர் பேட்டரி 25 வாட் டர்போவில் அரக்கோணம் தாண்டினாலே பெரிய விஷயம். எடையைப் பார்த்தால் ஜாய்கானோடு சேர்த்து ஸ்விட்ச் 2 சுமார் 534 கிராம், அலை 608, டெக் 640. நின்றுகொண்டே போகிறவர்களுக்கு அந்த நூறு கிராம் மணிக்கட்டில் தெரியும். இடம் கிடைத்தால்தான் விளையாட்டே, அது வேறு விஷயம்.

இதுவரை படித்தவர்கள் நான் டெக் கட்சி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். தனி ஆளுக்கு ஆமாம். ஆனால் பொங்கலுக்கு அத்தை பிள்ளைகள் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் கதை மாறிவிடும். ஸ்விட்ச் பெட்டியிலேயே டிவியோடு இணைக்கும் டாக் இருக்கிறது. டிவியில் சொருகினால் 4கே வரை போகும். ஜாய்கானை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தால் இரண்டு பேர் உடனே ஆடலாம், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஏழரை மணிக்கு அம்மா சீரியலுக்கு ரிமோட்டைக் கேட்டால் டாக்கிலிருந்து உருவிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடலாம். கேம் நிற்காது. ஹைப்ரிட் என்று அவர்கள் பெருமையடிப்பது நம் வீட்டுக் கூடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. டெக்கையும் அலையையும் டிவியில் சொருகலாம்தான். டாக் தனி, கன்ட்ரோலர்கள் தனி, செட்டிங்ஸில் ரெசொல்யூஷனைத் திருகி முடிப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து கிரிக்கெட் ஆடப் போய்விடுவார்கள்.

எங்கள் தெருத் தம்பி ஒருத்தன் கேட்டான்: "இன்னாண்ணா, பிஎஸ் போர்ட்டல் 18,990தானே, அத வாங்கிடலாமா?" அது வீட்டு பிஎஸ் 5-இல் ஓடும் கேமை வைஃபையில் வாங்கிக் காட்டும் திரைதான்; வீட்டில் பிஎஸ் 5 இருக்கிறதா, நல்ல வைஃபை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பழுது விஷயம். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். சர்வீஸ் சென்டர் இல்லாத கன்சோலையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். முதல் ஸ்விட்சைப் படுத்திய ஜாய்கான் ட்ரிஃப்ட் நினைவிருக்கும்: தொடாமலே மரியோ தானாக நடந்துபோவார். அதைத் தவிர்க்க, காந்தத்தால் அசைவை உணரும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வரும் என்று அறிவிப்புக்கு முன் எல்லோரும் நம்பினார்கள், வரவில்லை. ஆனாலும் ஜாய்கான் கழற்றக்கூடியது. போனால் அதை மட்டும் மாற்றலாம். டெக்கைத் திறப்பது எளிது, ஐஃபிக்ஸிட் என்ற ரிப்பேர் தளம் வழியாக உதிரி பாகங்களும் விற்பனைக்கு உண்டு. அவை இந்தியா வந்து சேர்வதுதான் தனிப் பாடு. இந்திய வாரன்டி வேண்டும், பில் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த மூன்றில் அலை ஒன்றுதான் வழி. அப்பா காசில் வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள். முதல் மாதத்தில் ஏதாவது ஆனால் பதில் சொல்ல ஒரு காகிதம் இருக்கும்.

என்னிடம் கேட்டால் வரிசை இப்படி. ஸ்டீமில் ஏற்கெனவே கேம் சேர்த்து வைத்திருக்கும் தனி ஆள்: டெக் ஓஎல்இடி. ஹாஸ்டலில் நண்பர்களோடு ஆன்லைன் ஆட்டம்: அலை. குழந்தைகள் இருக்கும் வீடு: ஸ்விட்ச், ஆனால் இரண்டாவதற்கு இப்போதே ஓட வேண்டாம். 2017-இல் வந்த முதல் ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றிருப்பதால் பழையது நல்ல நிலையில் கிடைக்கிறது. அதற்கு வாங்கும் கார்டுகளில் பெரும்பாலானவை நாளை ஸ்விட்ச் 2-இலும் ஓடும். நம் முதலீடு கார்டில்தான் இருக்கிறது.

இல்லை, ஸ்விட்ச் 2தான் வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. ஜப்பானுக்கென்றே ஒரு மாடல் உண்டு, 2025-இல் 49,980 யென்னுக்கு வந்தது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் 30,000-க்கும் கீழே. 'ஜப்பான் செட், சீப்பா வந்திருக்கு' என்று யாராவது காட்டினால் மயங்காதீர்கள். அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், ஜப்பான் கணக்கை மட்டும்தான் இணைக்க முடியும். பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரை ஆன் செய்யச் சொல்லி, மொழிப் பட்டியலில் ஆங்கிலம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சித்தப்பாவுக்கும் இதை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.