உள்ளே பொத்தான் இல்லாத மின்தூக்கி: ஆறு மாத அனுபவம்

தரைத்தளத்துக்கு மேல் 20 தளங்கள் கொண்ட எங்கள் அலுவலகக் கட்டடத்தில், போகவேண்டிய தளத்தை ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளும் புதிய மின்தூக்கிகளைப் பொருத்தி ஆறு மாதங்கள் ஆகின்றன. முகப்புக் கூடத்திலுள்ள தொடுதிரையில் 14 என்று தட்டினால் 'சி' என்ற எழுத்து தோன்றும். அந்த எழுத்திட்ட கதவின் முன் போய் நிற்கவேண்டும். உள்ளே தளங்களுக்கான பொத்தான்களே கிடையாது. கதவைத் திறக்கவும் மூடவும், ஆபத்தில் அழைக்கவும் உரியவை மட்டும் இருக்கின்றன. முதல் வாரத்தில் பலர் வெறும் சுவரைத் தடவிப் பார்த்தார்கள், நானும்தான்.

இந்த யோசனை பழையது. ஆஸ்திரேலியப் பொறியாளர் லியோ போர்ட் 1961-ஆம் ஆண்டிலேயே இதை வகுத்துவிட்டார். ஆனால் ஒவ்வொருவர் போகுமிடத்தையும் நினைவில் வைத்து நொடிக்கு நொடி கணக்குப்போடும் கணினி அப்போது கட்டடங்களுக்குள் வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஷிண்ட்லர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே இது பரவத் தொடங்கியது.

இதன் பலம் முழுவதும் ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. பழைய முறையில், காலையில் 12 பேர் ஒரு மின்தூக்கியில் ஏறி, அவர்கள் போகவேண்டிய இடங்கள் 20 தளங்களிலும் சமமாகப் பரவியிருந்தால், அது சராசரியாக 9 இடங்களில் நிற்கும். நான்கு மின்தூக்கிகளும் தலைக்கு ஐந்து தளங்களைப் பிரித்துக்கொண்டால், அதே 12 பேருக்கு 5 நிறுத்தங்களுக்கு மேல் தேவையே இல்லை. கதவு திறந்து, ஆட்கள் இறங்கி, மூடி, மீண்டும் வேகம் பிடிக்க ஏறத்தாழ 10 நொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு பயணத்தில் 40 நொடி மிச்சமாகிறது. அந்த 40 நொடியில் மின்தூக்கி அடுத்த கூட்டத்தை ஏற்றத் தரைத்தளத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் நீண்டிருந்த வரிசை கரைந்ததற்குக் காரணம் இதுவே. புதிய மின்தூக்கிகள் ஒன்றும் பழையவற்றைவிட வேகமாக ஓடுவதில்லை.

ஆனால் மிச்சமான நேரத்தில் ஒரு பகுதியைக் கதவுக்கு வெளியே செலவழிக்கிறோம். கண்ணெதிரே 'பி' திறந்து, பாதி காலியாக நின்று, மூடிப் போகும். நமக்குச் சொல்லப்பட்டது 'டி' என்பதால் அதில் ஏறிப் பயனில்லை. மொத்த நேரம் குறைவு என்று அறிவு சொன்னாலும், அந்தக் கதவு மூடும்போது மனம் ஒப்புவதில்லை. மதிய உணவு நேரத்தில், இறங்குவோரும் ஏறுவோரும் கலந்து வரும்போது, காலையில் கண்ட ஆதாயமும் பெரும்பாலும் காணாமற்போகிறது.

உண்மையான குறை வேறு. இந்த இயந்திரம் தட்டல்களைத்தான் எண்ணுகிறது, தலைகளை அல்ல. பேசிக்கொண்டே வரும் ஐந்து பேரில் ஒருவர் மட்டும் தட்டினால், ஓரிடத்தை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே நிறையவிருக்கும் மின்தூக்கிக்கு ஐவரையும் அனுப்பிவிடும். பொறுமையில்லாத ஒருவர் நான்கு முறை தட்டினால், இல்லாத மூவருக்கும் இடம் பிடித்துவைக்கும். எனவே சேர்ந்து வந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே தட்டவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படித்தவர்கள்கூடப் பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் மன்னிக்கமுடியாத பிழை என்று நான் கருதுவது தொடுதிரையை. பார்வையற்ற சக ஊழியர் ஒருவர் பழைய பொத்தான்களின் புடைப்பெழுத்தை விரலால் படித்து, யார் துணையும் இன்றி மேலே வந்துகொண்டிருந்தார். வழவழப்பான கண்ணாடியில் அவருக்குப் படிக்க எதுவுமில்லை. திரைக்குக் கீழே ஒரு பொத்தானை அழுத்தினால் தளங்களைக் குரலில் சொல்லும் வசதி உண்டு என்பது மூன்றாம் மாதத்தில்தான் தெரியவந்தது. அதிலும் 17-ஆம் தளம் வரும்வரை காத்திருக்கவேண்டும். தொலைபேசியில் உள்ளதுபோன்ற எண் பொத்தான்களுடன் வரும் பலகத்தை வாங்கியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது.

அடுத்த கட்டமாக, நுழைவாயிலில் அடையாள அட்டையைக் காட்டியதும் மின்தூக்கி தானே ஒதுக்கப்படும் ஏற்பாடு வரவிருக்கிறது. மேலே சொன்ன எண்ணிக்கைக் குழப்பம் அதனால் பெரிதும் தீரும். கூடவே, யார் எந்நேரம் எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பதிவும் உருவாகும். அதை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறோம்.

வாங்க நினைப்போருக்கு: 15 தளங்களுக்கு மேல் உயர்ந்து, ஊழியர்கள் ஒரே நேரத்தில் வந்துசேரும் கட்டடமானால் தயங்காமல் பொருத்தலாம். ஆறேழு தளங்களே உள்ள இடத்துக்கும், நாள்தோறும் புதியவர்கள் வந்துபோகும் மருத்துவமனை போன்ற இடத்துக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். எங்கள் கட்டடத்திலேயே, திரையின் முன் திகைத்து நிற்கும் விருந்தினருக்கு எந்த எழுத்துக்குப் போகவேண்டும் என்று சொல்வது வாயிற்காவலரின் பாதி வேலையாகிவிட்டது.