ராத்திரிக்கு ஒரு கிண்ணம் சாலட்: 16 மாதத்துக்குப் பிறகு

ராத்திரிச் சாப்பாட்டை சாலட்டாக மாற்றி 16 மாதம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாள்தான். ஞாயிறு மீன் குழம்பு, இன்னொரு நாள் வீட்டில் என்ன இருக்கிறதோ அது. இதில் முதல் இரண்டு மாதம் படுதோல்வி, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீடு தண்டையார்பேட்டை, வேலை பாரிமுனையில். மெட்ரோ பிடித்து வீடு சேர ஏழரை ஆகிவிடும். வந்ததும் வெள்ளரிக்காய், தக்காளி, கேரட் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவி எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடிப்பேன். ஒன்பதரைக்கு வயிறு கூப்பிடும். பத்து மணிக்கு மிக்சர் டப்பா மூடி திறக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். மாமியார் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, ஆட்டுக்குத் தழ போடுற மாதிரி?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர்; 100 கிராம் தின்றால் 15 கலோரிதான். கிண்ணம் வழிய வைத்தாலும் புரதம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பசிக்காமல் என்ன செய்யும்?

ருசிக்காக ஒரு பாட்டில் டிரெஸ்ஸிங் வாங்கினேன், மயோனைஸ் ரகம். ருசி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய கரண்டியில் இரண்டு ஊற்றினாலே ஏறக்குறைய 200 கலோரி. காய்கறி மொத்தமும் சேர்ந்து அதில் பாதிகூட வராது. அந்தக் கலோரிக்கு இரண்டு முட்டையும் ஒரு சின்ன வாழைப்பழமும் சாப்பிட்டிருக்கலாம்.

வழி கிடைத்தது அத்தோ கடையில். பீச் ஸ்டேஷன் எதிரில் நின்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்: நூடுல்ஸ், மெலிசாக அரிந்த கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, கூடவே வாழைத்தண்டு சூப் தருவார்கள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த தின்பண்டம். பர்மிய மொழியில் இந்தப் பெயரே சாலட் வகையைத்தான் குறிக்கும் என்று எங்கள் தெருவில் இருக்கும் பர்மா ஆயா சொன்னார். "நூடுல்ஸ எடுத்துட்டா நீ கேக்குறதுதான்மா அது" என்றவர், இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்: கடலை மாவை வறுத்துத் தூவினால் புளித்தண்ணீர் அடியில் தங்காமல் காயோடு ஒட்டிக்கொள்ளும். நான் பொட்டுக்கடலையை மிக்ஸியில் பொடித்து வைத்துக்கொள்கிறேன். அது ஏற்கெனவே வறுத்ததுதானே, ஒரு வேலை மிச்சம்.

இப்போது செய்வது இப்படி. கோஸ் 150 கிராம், முடிந்த அளவு மெலிசாக அரிந்து, அரை ஸ்பூன் உப்புப் போட்டு நன்றாகப் பிசறி பத்து நிமிடம் விட வேண்டும். பிறகு இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்தால் கால் டம்ளர் தண்ணீர் வரும், உப்பும் பாதி அதோடு போய்விடும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் சாப்பிடும்போது கிண்ணத்தின் அடியில் குளம் கட்டி நிற்கும், ருசி எல்லாம் அங்கேதான் இருக்கும். பச்சை கோஸின் நெடியும் பிழிந்ததில் அடங்கிவிடுகிறது. வெள்ளரிக்காயைப் பிளந்து விதைப் பகுதியை வழித்துவிட்டு அரிவேன். கேரட் துருவல் கொஞ்சம்.

வயிறு நிறைவது இதற்கு அடுத்த இரண்டில்தான். வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை 100 கிராம், அதாவது ஒரு கை நிறைய, 160 கலோரி. அவித்த முட்டை ஒன்று, 75. இது சேர்ந்த நாளிலிருந்து மிக்சர் டப்பா பக்கம் போகவில்லை. கடலையை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஊறவைத்து, குக்கரில் ஐந்து விசில் விட்டு, சின்னச் சின்ன பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டுவிடுவேன்.

எண்ணெய் ஒரே ஒரு டீஸ்பூன், 45 கலோரி. இதை அளந்துதான் ஊற்ற வேண்டும், கை அளவை நம்பக் கூடாது. அதில் ஆறு பல் பூண்டையும் ஒரு சின்ன வெங்காயத்தையும் சிறு தீயில் பொன்னிறமாக விட்டு, எண்ணெயோடு அப்படியே காயில் கொட்டுவேன். புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, புதினா. கையால்தான் பிசைய வேண்டும். கரண்டியால் கிளறிப் பார்த்தேன், அந்த ருசி வரவே இல்லை. மொத்தமும் 400 கலோரியை ஒட்டி நிற்கும்.

அப்புறம் சென்னாகுனி. இதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். பொடிப்பொடியான காய்ந்த கூனி இறால். காசிமேட்டுப் பக்கம் போனால் வாங்கி வருவேன். வெறும் வாணலியில் வறுத்து, சல்லடையில் போட்டுத் தட்டினால் மணல் கீழே கொட்டும். இரண்டாவது தடவை தட்டும்போதும் கொட்டும், மூன்றாவதும் தட்டுங்கள். கையால் கசக்கி ஒரு ஸ்பூன் தூவினால் போதும், கறிச்சோறு சாப்பிட்ட நிறைவு வரும். அன்றைக்கு வேறு உப்புச் சேர்க்கக் கூடாது. செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் இது கிடையாது, அன்று வறுத்த எள்ளு.

சாமான் விஷயத்தில் ஒரு வருத்தம். கயிறு இழுத்துச் சுற்றும் சாப்பர் ஒன்று வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். கோஸை அரியவில்லை, குதறியது. நாலாவது மாதம் கயிறும் அறுந்தது. திரும்பவும் மாமியாரின் அரிவாள்மனைக்கே வந்துவிட்டேன். உருப்படியான செலவு சமையலறைத் தராசுதான். மூன்று மாதம் எல்லாவற்றையும் எடை போட்டேன், அதற்குப் பிறகு கண்ணளவே போதுமானதாக இருக்கிறது.

தொல்லைகளும் உண்டு. இப்படிச் சாப்பிட ஆரம்பித்த முதல் மூன்று வாரம் கோஸும் கடலையும் சேர்ந்து வயிற்றில் காற்று ஊதின. கோஸை அரை நிமிடம் வெந்நீரில் முக்கி எடுத்தும், கடலையைப் பாதியாகக் குறைத்துப் பிறகு கூட்டியும் சரிக்கட்டினேன். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் பச்சைக் காய்க்கே போவதில்லை. அந்த நாட்களில் கடலையைச் சுண்டலாகத் தாளித்து, முட்டையோடு முடித்துக்கொள்வேன். நேரமும் ஆகும். அரிந்து பிசைந்து முடிக்க 25 நிமிடம், அசதியான நாளில் அது பெரிய மலை. அந்த நாளில் இட்லிதான்.

எடை ஆறு கிலோ குறைந்தது, முக்கால்வாசி முதல் ஏழு மாதத்தில். அப்புறம் அங்கேயே நிற்கிறது. மதியச் சோற்றைக் குறைக்காததுதான் காரணம் என்று எனக்கே தெரியும், இப்போதைக்குக் குறைக்கிற உத்தேசமும் இல்லை.

போன மாதத்திலிருந்து கோஸ் 300 கிராம் அரிகிறேன். மாமியாருக்கும் ஒரு கிண்ணம். முட்டை வேண்டாமாம், சென்னாகுனி மட்டும் இரண்டு ஸ்பூன். தொட்டுக்கொள்ளத்தான் என்கிறார், பக்கத்தில் ரசம் சோறு இருக்கிறது.