அனிசாகிஸ் புழு: உறைய வைப்பதா, வேக வைப்பதா?

கடல்மீனின் குடலிலும் சதையிலும் கிடக்கும் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணியின் இளம்புழு சுமார் 2 செ.மீ. நீளம், வெள்ளை நூலைச் சுருட்டி வைத்ததுபோலத் தெரியும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிச் சிறிது நேரம் ஊறவைத்தால் அது சாகாது.

வேக வைப்பதில் கணக்கு எளிது: துண்டின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸில் 1 நிமிடம் இருக்க வேண்டும். தடித்த துண்டுகளில்தான் தவறு நடக்கிறது. வெளிப்புறம் முறுகிவிடும், முள்ளை ஒட்டிய சதை மட்டும் கண்ணாடிபோல் பளபளக்கும். அது வேகாத சதை. திரும்ப அடுப்பில் வையுங்கள். மைக்ரோவேவ் சூடு சீராகப் பரவாது என்பதால் அதை நம்ப முடியாது.

பச்சையாகவே உண்பதென்றால் உறைய வைப்பது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மீனின் எல்லாப் பகுதியும் மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம். அமெரிக்க விதிப்படி அதே குளிரில் 7 நாள். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-ஐ ஒட்டியே நிற்கும், கதவைத் திறக்கத் திறக்க ஏறும். உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் சஷிமி (பச்சையாக உண்ணும் ஜப்பானிய மீன் துண்டு) வெட்டாதீர்கள்.

நம் குழம்புக்கும் வறுவலுக்கும் வேக வைப்பதே மேல். அனிசாகிஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் வேக வைப்பதும் உறைய வைப்பதும் உதவாது: செத்த புழுவின் புரதமே உடம்பில் தடிப்பைக் கிளப்பிவிடும்.